குரோம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை, தாம்பரம் வழியாக

திங்கட்கிழமை, காலை 7.55. குரோம்பேட்டை.

சைதாப்பேட்டை எங்களுக்கு வடக்கே இருக்கிறது, தாம்பரம் தெற்கே. சைதாப்பேட்டைக்குத் தாம்பரம் வழியாகப் போனேன் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். எங்கள் பக்கத்துக்காரர்கள் அப்படிப் பார்க்க மாட்டார்கள், சீட் கிடைத்ததா என்று மட்டும் கேட்பார்கள். காலை நேரத்தில் பீச் ஸ்டேஷன் போகும் லோக்கல் குரோம்பேட்டைக்கு வரும்போது ஒரு கால் வைக்கத்தான் இடம் இருக்கும், இன்னொரு காலை எங்கே வைப்பது என்பது அவரவர் சாமர்த்தியம். அதனால் விஷயம் தெரிந்தவர்கள் எதிர்த் திசை வண்டியில் ஏறி இரண்டு ஸ்டேஷன் பின்னால் போவார்கள். தாம்பரத்தில் காலி வண்டி ஒன்று பிளாட்பாரத்துக்கு வரும். அதில் ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டு தங்கள் சொந்த ஸ்டேஷனைத் தாண்டிப் போவார்கள். இதற்கு 'ரிவர்ஸ் அடிக்கிறது' என்று பெயர்.

அன்றைக்கு நான் ரிவர்ஸ் அடித்தது எனக்காக அல்ல, மல்லிகாவுக்காக. மல்லிகா என் மனைவி. வயது நாற்பத்தாறு. தனியார் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆபீஸ் உதவியாளராக இருக்கிறாள். தபால் வழியில் பி.காம். சேர்ந்து எல்லாப் பேப்பரும் முடித்துவிட்டாள், ஒன்றைத் தவிர. அது புள்ளியியல். முதல் தடவை முப்பத்தொன்று, அடுத்து முப்பத்துநான்கு, அதற்கடுத்து முப்பத்தெட்டு. பாஸ் மார்க் நாற்பது. எங்கள் மகள் இதற்குள் டிகிரி முடித்து, வேலை கிடைத்து, பெங்களூருக்கே போய்விட்டாள். பழைய பாடத்திட்டத்தில் பரீட்சை எழுத இதுதான் கடைசி வாய்ப்பு என்று கடிதம் வந்திருந்தது. இதிலும் கோட்டை விட்டால் எழுதி முடித்த பேப்பர்கள் எல்லாம் வீண், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நான்கு நாட்களாக அவள் சரியாகத் தூங்கவில்லை. ஒட்டுறவுக் கெழு என்று புள்ளியியல் சூத்திரத்தின் பெயரைத் தூக்கத்தில் முனகுகிறாள்.

சைதாப்பேட்டையில் ஒரு கல்லூரிதான் மையம். பரீட்சை பத்து மணிக்கு. ஒன்பதே முக்காலுக்கு கேட்டைப் பூட்டிவிடுவார்கள். வண்டியில் ஒரு சீட் கிடைத்தால் அரை மணி நேரம் கடைசியாக ஒரு புரட்டு புரட்டலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். சொன்னவனே கூட வர வேண்டும் அல்லவா, லீவு போட்டேன்.

இங்கே என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் மறைமலை நகரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். தினமும் போவது கம்பெனி பஸ்ஸில். ரயில் ஏறுவது மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை, ஆனால் ரயில் கட்டணம் பற்றிப் பேசுவது தினமும். லோக்கலில் இருபது கிலோமீட்டர் போக ஐந்து ரூபாய், பிளாட்பாரத்தில் சும்மா நிற்கப் பத்து ரூபாய். அதாவது போகிறவனைவிட வழியனுப்ப வந்தவனுக்கு இரட்டிப்பு. ஏ.சி. லோக்கலில் ஆரம்பக் கட்டணமே முப்பத்தைந்து. எக்ஸ்பிரஸ் வண்டி அதே தண்டவாளத்தில் ஓடினாலும் லோக்கல் டிக்கெட் அதில் செல்லாது. இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல கம்பெனி பஸ்ஸே வாயைப் பிளந்து கேட்கும். மல்லிகா மட்டும் கேட்க மாட்டாள்.

8.05. ஸ்டேஷனுக்கு வெளியே.

போனிலேயே டிக்கெட் எடுத்துவிடலாம் என்றேன். அந்த ரயில்வே ஆப், ஸ்டேஷனுக்குள் நின்றால் டிக்கெட் தராது. தண்டவாளத்திலிருந்து தள்ளி நிற்க வேண்டும், எடுத்த பிறகு ஒரு மணி நேரத்துக்குள் வண்டி ஏறிவிட வேண்டும். நான் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரமாக டீக்கடை வரை நடந்தேன், திரும்பி வந்தேன், மறுபடி நடந்தேன். மூன்றாவது நடையில் கிடைத்தது. குரோம்பேட்டை முதல் சைதாப்பேட்டை வரை, பெரியவர்கள் இரண்டு, பத்து ரூபாய்.

மல்லிகா போனை வாங்கிப் பார்த்தாள். பிறகு நிதானமாகக் கேட்டாள்.

"இது இங்கேருந்து சைதாப்பேட்டைக்கு. இங்கேருந்து தாம்பரம் போறதுக்கு?"

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. தாம்பரத்திலிருந்து சைதாப்பேட்டை பதினாறு கிலோமீட்டர், அதுவும் ஐந்து ரூபாய்தான், குரோம்பேட்டையிலிருந்து பன்னிரண்டு, அதுவும் ஐந்து ரூபாய்தான், ஒரே கட்டணத்துக்கு எதற்கு இரண்டு டிக்கெட், தண்டமா என்று விளக்கினேன். நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அவள் தண்ணீர் பாட்டில் வாங்கி வருவதாகச் சொல்லி ஸ்டேஷன் பக்கம் போனாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தாள்.

அந்த இடைவெளியில் அவளுடைய கால்குலேட்டருக்கு நான் புது பேட்டரி போட்டேன். அது பள்ளிக்கூடத்து அக்கவுண்டன்டிடம் அவள் இரவல் வாங்கியது. பரீட்சை ஹாலில் போன் கூடாது என்பதால் அவள் தன் போனை வீட்டிலேயே வைத்துவிட்டாள்.

8.21. தாம்பரம் வண்டி.

எதிர்த் திசை வண்டி காற்றோட்டமாக வந்தது. எங்கள் எதிரே ஒரு பெண்மணி சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிண்டி எஸ்டேட்டில் பேக்கிங் வேலை, தினமும் ரிவர்ஸ் அடிக்கிறவர். மல்லிகாவின் கையில் இருந்த நோட்டைப் பார்த்துவிட்டு அவராகவே பேச்சுக் கொடுத்தார். தாம்பரத்தில் எந்தப் பெட்டி படிக்கட்டுக்கு நேராக நிற்கும், எந்த ஜன்னலில் வெயில் அடிக்காது என்று எல்லாம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார்.

"டிக்கெட் கீதா சார்? திங்கக்கெழமைன்னா மேம்பாலத்தாண்ட செக்கிங்குக்கு நிப்பாங்கோ. நான் குரோம்பேட்டைல ஏறினாலும் சீசன் டிக்கெட்ட தாம்பரத்துலேருந்துதான் எடுத்து வச்சிகினு கீறேன்."

மல்லிகா என்னைப் பார்த்தாள். அதெல்லாம் ஒன்றும் ஆகாது என்று நான் கையை ஆட்டினேன். அதற்குள் சானடோரியம் ஸ்டேஷன் வந்துவிட்டது.

8.30. தாம்பரம்.

மேம்பாலத்தின் கீழே, படி ஆரம்பிக்கும் இடத்தில் கறுப்புக் கோட்டு போட்ட பரிசோதகர் நின்றிருந்தார். இளம் பெண், என் மகளைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருக்கலாம். நான் ஒளிந்துகொள்ளவில்லை. டிக்கெட் எடுத்தவன் என்ற தெம்பில் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

அவர் படித்தார். தாம்பரத்தில் இறங்கியிருக்கும் நான் குரோம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டைக்கு டிக்கெட் வைத்திருப்பது ஏன் என்று கேட்டார். நான் கம்பெனி பஸ்ஸில் பேசுவதுபோல ஆரம்பித்தேன். கிலோமீட்டர் சொன்னேன், கட்டணம் சொன்னேன், ரயில்வேக்கு ஒரு பைசா நஷ்டம் இல்லை என்று நிரூபித்தேன். அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"சார், நீங்க சொன்ன கட்டணமெல்லாம் சரிதான். ஆனா டிக்கெட்டுல நான் பாக்கறது ஸ்டேஷன் பேரு. குரோம்பேட்டைலேருந்து இந்தப் பக்கம் வந்ததுக்கு உங்ககிட்ட என்ன இருக்கு?"

என்னிடம் ஒன்றும் இல்லை. ஆளுக்கு இருநூற்று ஐம்பது அபராதம், அதோடு டிக்கெட் கட்டணம் என்று சொல்லி ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். இரண்டு பேர் என்று அவர் எழுதப் போன சமயத்தில் மல்லிகா தன் பர்ஸைத் திறந்து ஒரு சின்னக் காகித டிக்கெட்டை எடுத்து நீட்டினாள். குரோம்பேட்டை முதல் தாம்பரம் வரை. பெரியவர் ஒன்று. ஐந்து ரூபாய்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தண்ணீர் பாட்டில் வாங்கப் போனவள் கவுண்டரிலும் நின்றிருக்கிறாள்.

"மேடம் ஓகே. சார் மட்டும்தான்" என்றார் பரிசோதகர்.

அங்கேயே பணத்தைக் கட்டிவிட்டு அவள் பின்னால் போயிருக்க வேண்டும். புத்தி உள்ளவன் அதைத்தான் செய்வான். எனக்கு மானப் பிரச்சினை ஆகிவிட்டது. ஐம்பத்திரண்டு வயதில் வாழ்க்கையிலேயே முதல் அபராதம், அதுவும் ரயில் விதி பற்றி ஊருக்கே பாடம் நடத்துகிறவனுக்கு. விதியை எழுத்தில் காட்டுங்கள் என்றேன். ஸ்டேஷன் மேலாளரைப் பார்க்க வேண்டும் என்றேன். நான்கு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள், அவர்களுக்கும் சேர்த்துப் பேசினேன். மல்லிகா மூன்று தடவை என்னங்க, என்னங்க என்று கூப்பிட்டாள். நான்காவது தடவை கூப்பிடவில்லை. என் தோளிலிருந்து தன் பையைக் கழற்றிக்கொண்டாள்.

"நீங்க பேசி முடிச்சிட்டு வாங்க. எனக்குப் பரீட்சை இருக்கு."

மிஷினில் சைதாப்பேட்டைக்கு ஒரு டிக்கெட் எடுத்துக்கொண்டு மேம்பாலம் ஏறி இறங்கி, காலி வண்டியில் ஜன்னலோரமாக அவள் உட்காருவது நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. 8.44-க்கு வண்டி புறப்பட்டது. அவள் நோட்டைப் பிரித்துவிட்டாள், என் பக்கம் திரும்பவில்லை. எப்படியோ சீட் கிடைத்துவிட்டது என்று நான் எனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டு, பரிசோதகரிடம் அடுத்த வாதத்தை எடுப்பதற்காகச் சட்டைப் பையில் கைவைத்தேன்.

கால்குலேட்டர் கையில் தட்டியது.

பேட்டரி போட்டவன் அதை அவள் பையில் வைக்காமல் என் சட்டைப் பையில் போட்டிருக்கிறேன். புள்ளியியல் பரீட்சையில் வர்க்கமூலம் எடுக்க வேண்டும், நான்கு தசமத்துக்குப் பெருக்க வேண்டும். விரல் விட்டு எண்ணவா முடியும்? கூப்பிட்டுச் சொல்லலாம் என்றால் அவள் போன் வீட்டில் மேசைமேல் கிடக்கிறது.

எழுதுங்கம்மா, எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுங்க என்றேன். பரிசோதகர் திகைத்துப் போனார். காரணத்தைச் சொன்னதும் அவருடைய பேனா வேகமாக ஓடியது. நான் கொடுத்த முந்நூறு ரூபாய்க்கு மீதிச் சில்லறையை அவரே தன் பர்ஸிலிருந்து எடுத்துத் தந்தார்.

"சைதாப்பேட்டை வரைக்கும் சேத்துப் போட்டிருக்கேன், மறுபடி டிக்கெட்டுக்கு நிக்காதீங்க. ஒன்பது மணி வண்டி அந்தப் பக்கம். ஓடுங்க சார்."

9.00 முதல் 9.36 வரை.

அது செங்கல்பட்டிலிருந்தே நிரம்பி வந்த வண்டி. நான் கதவுக்கு இரண்டு ஆள் உள்ளே நின்றேன், அல்லது நிறுத்தப்பட்டேன். கால்குலேட்டர் நசுங்கிவிடக் கூடாது என்று அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டேன். குரோம்பேட்டையில் ஒரு கூட்டம் ஏறியது. எங்கள் தெருக்காரர் ஒருவரும் அதில் இருந்தார். என்ன சார், சீட் கெடைக்கலையா என்று அக்கறையாக விசாரித்தார். பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வண்டி நிற்கும் நேரத்தை நான் மனதுக்குள் எண்ணினேன். பரங்கிமலைக்கு முன்னால் சிக்னல் விழவில்லை. நான்கு நிமிடம் நின்றது. அந்த நான்கு நிமிடத்தில் நான் இதுவரை பேசிய விதிகள் அத்தனைக்கும் எனக்குள்ளேயே என்னைத் திட்டிக்கொண்டேன். அவள் இத்தனை வருடமாகப் படித்த படிப்பை ஐந்து ரூபாய் மிச்சம் பிடித்துக் கெடுத்துவிட்டேனே என்று அழுகையே வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற இளைஞன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சார் தள்ளி நிக்கட்டுமா, மூச்சு முட்டுதா என்று கேட்டான். கிண்டியில் பாதி வண்டி காலியானது. கையைக் கீழே இறக்கினால் தோள்பட்டை இறங்க மறுத்தது.

சைதாப்பேட்டையில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். எவ்வளவு கேட்டார் என்று இப்போது நினைவில்லை, பேரம் பேசவில்லை. என் கல்யாணத்துக்குப் பிறகு பேரம் பேசாமல் நான் ஏறிய ஒரே ஆட்டோ அதுதான்.

9.43. கல்லூரி கேட்.

காவலாளி ஒரு பக்கக் கதவை ஏற்கெனவே சாத்தியிருந்தார். மல்லிகா உள்ளே வேப்பமரத்தடியில் நின்று இன்னொரு மாணவியிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டியது தெரிந்தது. நான் பெயர் சொல்லிக் கத்தினேன். அவள் திரும்பினாள், ஓடி வந்தாள், கதவு இடுக்கு வழியாகக் கால்குலேட்டரை வாங்கினாள். திட்டப் போகிறாள் என்று தயாராக நின்றேன். அவள் என்னை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தாள்.

"சட்டையெல்லாம் கசங்கிப் போச்சு. போய் எதாவது சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மதியம் 1.10.

மூன்று மணி நேரம் எதிர்ப்புறக் கடையில் இரண்டு எலுமிச்சை ஜூஸ், ஒரு டீ. அபராத ரசீதைப் பலமுறை படித்துப் பார்த்தேன், அதில் ஒரு பிழையும் இல்லை.

மல்லிகா வெளியே வந்தாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. எப்படி எழுதினாய் என்று வாயைத் திறந்தேன். வழியில் கேட்காதீர்கள், எல்லாம் மனதில் கூட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று தடுத்துவிட்டாள். ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டோம். ரசத்துக்கு வந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. எனக்கும் சேர்த்து ஒரு டிக்கெட் எடுத்திருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"எடுத்திருப்பேன். நீங்க அதைக் கையில வச்சுக்கிட்டு எனக்கு அங்கேயே கிளாஸ் எடுத்திருப்பீங்க. இன்னைக்கு ஒரு நாளாவது நான் எனக்கு வேண்டியதை மட்டும் படிக்கணும்னு நெனைச்சேன்."

அதற்குப் பிறகு நான் மோர் ஊற்றிச் சாப்பிட்டேன்.

2.15. சைதாப்பேட்டை ஸ்டேஷன்.

அவளை நிழலில் உட்கார வைத்துவிட்டுக் கவுண்டருக்குப் போனேன். போனை வெளியே எடுக்கவில்லை. என் முறை வந்ததும் குரோம்பேட்டை இரண்டு என்று சொல்ல வாயெடுத்தவன், தாம்பரம் இரண்டு என்றேன். இரண்டுக்கும் கட்டணம் ஒன்றுதான். தாம்பரம் டிக்கெட்டை வைத்துக்கொண்டு வழியில் குரோம்பேட்டையில் இறங்கலாம், ஒருவரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். குரோம்பேட்டை டிக்கெட்டை வைத்துக்கொண்டு தாம்பரம்தான் போக முடியாது. காலையில் பரிசோதகர் சொன்னதை நான் அப்போதுதான் முழுதாகப் புரிந்துகொண்டேன் என்று நினைக்கிறேன்.

மத்தியான வண்டி காலியாக வந்தது. பெட்டிக்குப் பத்துப் பேர். ஜன்னலோரம், எதிர்க்காற்று, மின்விசிறி வேறு. மல்லிகா கிண்டி வருவதற்குள் கண்ணை மூடிவிட்டாள். பரங்கிமலையில் தலை என் தோளுக்கு வந்துவிட்டது, காலையில் தூக்கியே பிடித்திருந்த அதே தோள், விண்ணென்று வலித்தது. நான் அசையவில்லை. கால்குலேட்டர் அவள் மடியில் இருந்தது, வலது கை அதன்மேல் இருந்தது. தூக்கத்திலும் ஆள்காட்டி விரல் ஒன்றிரண்டு தடவை எதையோ அழுத்தியது.

பல்லாவரம் போனது. அடுத்து குரோம்பேட்டை. எங்கள் ஸ்டேஷன். எழுப்பினால் ஐந்து நிமிடத்தில் வீடு. வண்டி நின்றது. எதிர்ப் பிளாட்பாரம், டிக்கெட் கவுண்டர், காலையில் நான் போனைத் தூக்கிக்கொண்டு நடந்த ரோட்டின் ஓரம், எல்லாம் ஜன்னலுக்கு வெளியே அப்படியே நின்றன. நான்கு நாள் தூங்காதவளின் மூச்சு அப்போதுதான் சீராகியிருந்தது. சைதாப்பேட்டையிலிருந்து தாம்பரம் என்று தெளிவாக அச்சடித்த டிக்கெட் என் பையில் இருந்தது. நான் அவளை எழுப்பவில்லை. வண்டி புறப்பட்டது.

2.52. தாம்பரம்.

வண்டி நின்ற குலுக்கலில் விழித்தாள். வெளியே பார்த்தாள், பதறிப் போனாள்.

"தாம்பரமா? ஐயோ, டிக்கெட்?"

இரண்டு டிக்கெட்டையும் எடுத்து அவள் கையில் கொடுத்தேன். ஸ்டேஷன் பெயரை விரல் வைத்துப் படித்தாள். என்னைப் பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள், அந்த நாளின் முதல் சிரிப்பு, இறங்குகிறவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு.

மேம்பாலம் ஏறி இறங்கினோம். குரோம்பேட்டை திரும்ப வேண்டுமே, டிக்கெட் வரிசையில் போய் நின்றோம், அவள் முன்னால், நான் பின்னால். எட்டு பேர் இருந்தார்கள். வரிசை மெதுவாக நகர்ந்தது. நான் எதுவும் கேட்கவில்லை, கேட்காமல் இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கவுண்டருக்கு இரண்டு ஆள் இருக்கும்போது அவள் என் பக்கம் திரும்பாமலே, முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"என்னங்க, அஞ்சு கணக்கும் போட்டேன். மூணு தடவை கூட்டிப் பாத்துட்டேன். எப்படிக் கொறைச்சாலும் அறுபதுக்குக் கீழ வரல."

பின்னால் நின்றவர் நகருங்க சார், நகருங்க என்றார். மல்லிகா கவுண்டருக்குள் கை நீட்டி, குரோம்பேட்டைக்கு இரண்டு டிக்கெட் கேட்டாள்.